குதிரையின் சாவுக்கும் கணக்கு வேண்டும்

கிண்டி ரேஸ் மைதானத்தின் கணக்கு இன்று தமிழ்நாட்டில் பத்திரிகை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். நிலம் 160 ஏக்கர் 86 சென்ட். 1945-இல் போட்ட 99 வருடக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. உயர்த்திய வாடகையைக் கட்டாத பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல். அதைக் கட்டச் சொல்லி 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 ஜூலையில் ஊட்டி ரேஸ் மைதானத்தின் 52 ஏக்கரை அரசு மீட்டது. கிண்டிக் குத்தகையையும் ரத்து செய்து, செப்டம்பர் 9-ஆம் தேதி வாசலுக்குச் சீல் வைத்தது. விவகாரம் மறுபடி நீதிமன்றத்துக்குப் போனது. பூங்கா வருமா, குளம் வெட்டினால் வேளச்சேரியில் வெள்ளம் குறையுமா என்றெல்லாம் பேசினோம். பேச வேண்டியதுதான், பொதுநிலம் அது.

வாசல் அடைபட்ட அன்று உள்ளே லாயங்களில் நூற்றுக்கணக்கான குதிரைகள் நின்றுகொண்டிருந்தன. அவற்றைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்களா என்று பத்தி பத்தியாகத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. 1777-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கிண்டிப் பந்தயத்தில் இதுவரை எத்தனை குதிரை கால் முறிந்து செத்தது? அவற்றுக்கு என்ன வயது? பந்தயத்திலா, பயிற்சியிலா? இதற்கெல்லாம் பதில் சொல்கிற ஏடு எதுவும் பொதுமக்கள் கண்ணில் படும்படி இல்லை. மும்பை, புனே, பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத், கொல்கத்தா, டெல்லி என்று எந்த ஊர் மைதானத்தை எடுத்தாலும் இதே கதை. பந்தயம் கட்டிய பணத்துக்குப் பைசா சுத்தமாகக் கணக்கு வைக்கிற ஒரு தொழில், ஓடிச் செத்த உயிருக்குக் கணக்குச் சொல்லாமலே இருநூறு வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறது. என் கோபம் அதன்மேல்தான்.

நான் கொட்டாரத்துக்காரன். கால்நடைப் பராமரிப்புத் துறையில் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவன். என் காலமெல்லாம் பசு, எருமை, ஆடு, கோழி என்றே போனது. குதிரையோடு பழக்கம் ஏற்பட்டது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தபோதும் அதையொட்டிய பயிற்சிக் காலத்திலும்தான். ஆனாலும் அது மனதை விட்டுப் போகவில்லை. இதைப் பற்றி நான் பேச்செடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்: "அண்ணாச்சி, மாட்டுக்கு ஊசி போட்ட உங்களுக்கு மெட்ராஸ் ரேஸ் குதிரையில என்ன காரியம்? பணக்காரனுக்க குதிரை, பணக்காரன் பாத்துக்கிடுவான்."

பதில் அவர் வீட்டிலேயே இருக்கிறது. கும்பப்பூ அறுப்பு முடிந்து வைக்கோல் ஒதுக்கிக்கொண்டிருந்த ஒரு நாள் அவர் மனைவியைக் கண்ணாடி விரியன் கடித்தது. ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் குப்பி குப்பியாக விஷமுறிவு மருந்து ஏற்றி அவரைப் பிழைக்கவைத்தார்கள். அந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கிய அந்தச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. நிறுவனத்தார் அதைத் துளியளவில் தொடங்கி, சிறுகச் சிறுகக் கூட்டிக் குதிரைக்கு ஏற்றுவார்கள். குதிரையின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டானதும் ரத்தம் எடுத்து, தெளிநீரைப் பிரித்து, சுத்தம் செய்து குப்பியில் அடைப்பார்கள். ஓட்டம் ஓய்ந்த பந்தயக் குதிரைகள் பல இந்த வேலைக்குத்தான் போயின. புனே சீரம் இன்ஸ்டிடியூட் 1966-இல் பிறந்த கதையும் இதுதான். பந்தயக் குதிரைப் பண்ணை வைத்திருந்த பூனாவாலா குடும்பம் வயதான குதிரைகளை மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்குச் சீரம் எடுக்கக் கொடுத்துவந்தது. பிறகு, அந்த வேலையை நாமே செய்தால் என்ன என்று இறங்கினார்கள். நாஞ்சில் நாட்டு வயலில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் குதிரையிடம் கடன் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

குதிரையின் காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாவின் காரணம் அங்கேதான் இருக்கிறது. பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் குதிரை 450 முதல் 500 கிலோ எடை இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நாலுகால் பாய்ச்சலில் உடம்பின் முழுப் பாரமும் ஒரே ஒரு முன்னங்காலில் இறங்குகிற கணம் ஒன்று உண்டு. அப்போது அந்தக் கால் தாங்குவது உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு, அதாவது ஒரு டன்னுக்கு மேல். அதைத் தாங்குகிற இடத்தைத் தொட்டுப் பார்த்தால் நம்பவே முடியாது. முட்டிக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, தசைநார், மேலே ஒரு தோல், அவ்வளவுதான். ரத்த ஓட்டமும் குறைவு. கணுவுக்குப் பின்னால் இரண்டு சிறு எலும்புகள் இருக்கின்றன. பந்தயத்தில் உயிரை வாங்குகிற முறிவுகளில் பெரும்பங்கு அங்கேயும் அதற்கு மேலே இருக்கிற குழாய் எலும்பிலும்தான் ஏற்படுகிறது.

முறிந்தால் கட்டுப் போட்டுக் காப்பாற்றக் கூடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மனிதனைப் போல ஆறு வாரம் படுக்கையில் கிடக்கக் குதிரையால் முடியாது. படுத்தே கிடந்தால் நுரையீரலும் குடலும் கெடும். நின்றால் முறிந்த காலின் பாரத்தையும் எதிர்க்கால் சுமக்க வேண்டும். சுமந்து சுமந்து அந்தக் காலின் குளம்புக்குள் அழற்சி வரும். குளம்பு உள்ளெலும்பை விட்டுக் கழன்று வரும். அதைவிடக் கொடுமையான வலியை நான் எந்தக் கால்நடையிலும் பார்த்ததில்லை. அமெரிக்காவில் 2006-இல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ, இரண்டு வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்காலை முறித்துக்கொண்டது. எலும்பு இருபது துண்டுக்கு மேல் நொறுங்கியிருந்தது. பணத்துக்குக் குறைவில்லை, உலகின் தேர்ந்த மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள். எட்டு மாதம் போராடினார்கள். கடைசியில் இந்தக் குளம்பு நோய்தான் வென்றது; 2007 ஜனவரி 29-ஆம் தேதி ஊசி போட்டு அதன் உயிரை முடித்தார்கள்.

பயிற்சிக் காலத்தில் ஒரு மைதானத்தில் நான் கண்ணெதிரே பார்த்த சாவு ஒன்று உண்டு. விடிகாலை, பனி இன்னும் விலகவில்லை. மூன்று வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று பயிற்சி ஓட்டத்தில் வளைவு திரும்பி நேர்ப்பாதைக்கு வந்தபோது, காய்ந்த தென்னை மட்டையை முறித்ததுபோல ஒரு சத்தம். ஜாக்கி பையன் சமாளித்து இறங்கிவிட்டான். குதிரை மூன்று காலில் நின்றது. நாலாவது கால் கணுவிலிருந்து தொங்கியது. அது அந்தக் காலை ஊன்றிப் பார்க்கும், ஆடும், எடுத்துவிடும், மறுபடி ஊன்றும். அலறவில்லை. இரையாகும் மிருகம் வலியை வெளியே காட்டாது. காட்டினால் காட்டில் அதற்குச் சாவு. கொஞ்ச நேரத்தில் அது தலையைக் குனிந்து புல்லைக் கடிக்கத் தொடங்கியது. அதைப் பராமரித்த சைஸ் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு முதலாளிக்கு ஆள் அனுப்பினார். ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, தடத்தில் மண் தள்ளி மூடினார்கள். எட்டு மணிக்கு அடுத்த தொகுதிக் குதிரைகள் அதே வளைவில் ஓடின. பந்தயத்தில் நடக்காததால் எந்தப் பந்தய முடிவிலும் அதன் பெயர் வரவில்லை. சைஸுக்கு அன்று மாலையே வேறொரு குதிரை கொடுத்தார்கள்.

அந்த எலும்பு திடீரென்று முறிந்ததா என்பதுதான் முக்கியமான கேள்வி. கலிபோர்னியாவில் 1990 முதல் பந்தய மைதானத்தில் சாகிற ஒவ்வொரு குதிரையையும் பிணக்கூறாய்வு செய்கிறார்கள். அதில் தெரிந்த உண்மை குதிரை மருத்துவத்தையே மாற்றியது. முறிந்த எலும்புகளில் பெரும்பாலானவற்றில் அதே இடத்தில் முன்பே நுண்விரிசல்கள் இருந்தன. வேகப் பயிற்சி கொடுத்து, ஆற விடாமல் மறுபடி ஓட்டி, வலி தெரியாமல் மருந்து கொடுத்து, மறுபடி ஓட்டியதில் விரிசல் வளர்ந்திருக்கிறது. இளம் வயதில் ஓடவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அளவான ஓட்டம் இளங்குதிரையின் எலும்பை வலுவாக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேடு வருவது ஓய்வில்லாத வேகத்தால். இரண்டு வயதில் பந்தயத்தில் இறக்கிப் பரிசுப் பணத்துக்குத் துரத்தும்போது அந்த ஓய்வை யாரும் கொடுப்பதில்லை. ஆக, இந்தச் சாவுகளில் பெரும்பகுதி விதியால் வந்தவை அல்ல. முன்கூட்டிக் கண்டுபிடித்துத் தடுக்கக்கூடியவை.

தடுத்தும் காட்டியிருக்கிறார்கள். 2018 டிசம்பர் கடைசியிலிருந்து 2019 ஜூன் வரை கலிபோர்னியாவின் சாண்டா அனிட்டா மைதானத்தில் ஒரே பருவத்தில் 30 குதிரைகள் செத்தன. செய்தி ஊரெல்லாம் பரவியது, ஜனங்கள் கொதித்தார்கள். 2020-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, நாடு முழுவதற்குமாகக் குதிரைப் பந்தய நேர்மை, பாதுகாப்பு ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் பாதுகாப்பு விதிகள் 2022 ஜூலையில் அமலுக்கு வந்தன. அந்நாட்டில் 2009-இல் ஆயிரம் ஓட்டத்துக்கு இரண்டு குதிரை செத்துக்கொண்டிருந்தது. 2024-இல் ஆணையத்தின் கீழ் இருக்கிற மைதானங்களில் அது 0.90 ஆனது. பாதிக்கும் கீழே. பந்தயத்துக்கு முன் மருத்துவரின் சோதனை, மருந்துக் கட்டுப்பாடு, தடத்தின் பராமரிப்பு எல்லாம் இதற்கு உதவின. ஆனால் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு சாவையும் எண்ணி, எண்ணியதை ஊருக்குச் சொன்னார்கள்.

நம் ஊரில் எண்ணுவதற்கு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியாவில் பிறக்கிற ஒவ்வொரு தரோபிரெட் குட்டியும் புனேயில் இருக்கிற ஸ்டட் புக் அலுவலகத்தில் பதிவாகிறது. அப்பன் யார், ஆத்தாள் யார் என்று மரபணுச் சோதனை வரை செய்து எழுதுகிறார்கள். கொட்டாரத்தில் பிறக்கிற ஒரு கன்றுக்கு இவ்வளவு ஜாதகம் கிடையாது. பிறப்பை இத்தனை கவனமாக எழுதத் தெரிந்தவர்களுக்குச் சாவை எழுத ஒரு பக்கம் சேர்ப்பது பெரிய காரியமே இல்லை.

அரசுகளும் இதுவரை பந்தயத்தை மனிதனின் பக்கமிருந்தே பார்த்தன. குடும்பங்கள் சூதாட்டத்தில் அழிகின்றன என்று 1970-களில் பந்தயத்தை ஒழிக்கக் கலைஞர் அரசு சட்டம் கொண்டுவந்தது. அழிந்த குடும்பங்கள் எங்கள் பக்கமும் உண்டு. சென்னையில் கடை வைத்து நன்றாக இருந்து, ரேஸில் எல்லாவற்றையும் விட்டு, துண்டோடு ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். 1986-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், கிண்டிப் பந்தயத்தை நடத்திய கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறமை விளையாட்டு என்பது தீர்ப்பு. குதிரையின் வம்சம், பயிற்சி, வேகம், உடல்நிலை, ஜாக்கியின் திறமை இவற்றைக் கணித்துத்தான் பந்தயம் கட்டுகிறார்கள் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நான் அந்தத் தீர்ப்போடு சண்டை போடவில்லை. திறமை குதிரையுடையதும்தான் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே ஒப்புக்கொண்ட பிறகு, அந்தத் திறமைக்குரிய உயிரைப் பாதுகாக்கும் கடமையும் கூடவே வருகிறது என்கிறேன்.

சட்டத்தின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதற்கு வித்திட்டவர் நம்மூர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து நேருவின் அரசைச் செயல்பட வைத்தார். 1962-இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் தலைமையிடம் சென்னை. அப்பேர்ப்பட்ட சட்டத்தில் ஒரு மிருகத்தை வதைத்தால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அன்றைக்கு அது ஒரு தொகை. இன்று நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அது போய்விடும். ஒரு குதிரைக்குப் பல லட்சம் கொடுக்கிறவரை அந்த 50 ரூபாய் எந்த வகையில் தடுக்கும்?

இதற்கு எளிய தீர்வு ரேஸை இழுத்து மூடுவது என்று என் மகன் வயதுப் பிள்ளைகள் சொல்கிறார்கள். பந்தயம் ஒரு நாள் நிற்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கதவை மட்டும் மூடினால் என்ன நடக்கும் என்பதற்கு 2025 மே மாதம் பதில் சொன்னது. ஹைதராபாத்தில் பந்தயச் சூதாட்டத்துக்காக வைத்திருந்ததாக விலங்கு நல ஆர்வலர்கள் புகார் சொன்ன குதிரைகளில் 57-ஐ, கோடை வெயிலில் மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூருக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களிலேயே எட்டு குதிரைகள் செத்தன. பின்னாலும் சாவு தொடர்ந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. ஓடுகிறவரை லட்சங்கள் விலை பேசப்பட்ட மிருகம், ஓட்டம் நின்றதும் தீனிச் செலவாகிவிடுகிறது. ஊட்டிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். சீசன் முடிந்ததும் சவாரிக் குதிரைகள் விலா எலும்பு தெரிய ரோட்டில் திரிந்து குப்பையைக் கிளறும்.

சிங்கப்பூர் வேறு மாதிரி செய்தது. கிராஞ்சி மைதானத்தை மூடப்போவதாக 2023 ஜூனிலேயே அறிவித்தார்கள். கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5-இல் நடந்தது. அதற்குப் பிறகும் குதிரைகளை வெளியே அனுப்பவும் மறுவாழ்வு கொடுக்கவும் அவகாசம் வைத்து, நிலத்தைத் திருப்பிக் கொடுக்க 2027 மார்ச் என்று தேதி குறித்தார்கள். நிலப் பசி சென்னையைவிடச் சிங்கப்பூருக்குத்தான் அதிகம். அவர்களுக்கு இருந்த பொறுமை நமக்கும் வர வேண்டும். மூடுவதென்றால் முதலில் குட்டி போடவைப்பதை நிறுத்த வேண்டும், கடைசியில்தான் வாசலைப் பூட்ட வேண்டும். இடைப்பட்ட வருடங்களில் சைஸ், லாடம் அடிப்பவர், புல் கொண்டுவருபவர் எல்லோருக்கும் வழி பார்க்க வேண்டும்.

பணமில்லை என்ற பேச்சை ஏற்க முடியாது. 2023 அக்டோபர் முதல் குதிரைப் பந்தயத்தில் கட்டுகிற முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில் அதை 40 சதவீதம் ஆக்கினார்கள். அதில் ஒரு சிறு பங்கை ஓய்வுபெற்ற குதிரைகளுக்கென்று ஒதுக்கினால் போதும். கால்நடைப் பல்கலைக்கழகம் நம்மிடம் இருக்கிறது, மேய்ச்சலுக்கு அரசுப் பண்ணைகள் இருக்கின்றன. சாவுப் பதிவேட்டுக்கு அதுகூட வேண்டாம். பந்தயத்திலும் பயிற்சியிலும் லாயத்திலும் சாகிற ஒவ்வொரு குதிரைக்கும் அரசு மருத்துவர் பிணக்கூறாய்வு செய்ய வேண்டும். பெயர், வயது, காரணம், கடைசி ஆறு மாதத்தில் ஓடிய ஓட்டங்கள், கொடுத்த மருந்துகள் எல்லாம் மாதாமாதம் இணையத்தில் வர வேண்டும். பந்தயத்துக்கு உரிமம் கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக எழுதிவிடலாம். ஜல்லிக்கட்டுக்கு 2017 முதல் இதைவிடக் கடினமான ஏற்பாட்டைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். வாடிவாசலுக்கு வருகிற ஒவ்வொரு காளையையும் எங்கள் துறை மருத்துவர்கள் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ரேஸ் என்றால் மெட்ராஸ், ஊட்டி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கோயில் கொடைக்கும் தலைவர்களின் பிறந்தநாளுக்கும் மாட்டுவண்டியோடு குதிரை வண்டி எல்கைப் பந்தயமும் நடக்கிறது, அதுவும் தார் ரோட்டில். புல்தடமாவது கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். தார் ரோடு வாங்கிய அடியை அப்படியே காலுக்குத் திருப்பிக் கொடுக்கும். பின்னால் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு விரட்டுகிறார்கள். லாடம் தேய்ந்த குதிரையும், கணு வீங்கிய குதிரையும், வாய்க்குள் கடிவாளம் அறுத்துப் புண்ணான குதிரையும் பெரிய குதிரை, சின்ன குதிரை என்று பிரித்து ஓடவிடப்படுகின்றன. இங்கே மைதான மருத்துவரும் இல்லை.

பந்தயம் நடத்துகிற விழாக் கமிட்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி பூட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாக் குதிரைகளையும் ஓரிடத்தில் நிறுத்துங்கள். ஒரு கால்நடை மருத்துவர் ஒவ்வொன்றையும் நடக்கவிட்டு, ஓடவிட்டு, காலைத் தொட்டுச் சூடு பார்த்து, வாயைத் திறந்து பார்க்கட்டும். நொண்டுகிற குதிரைக்கு நம்பர் கொடுக்காதீர்கள். ஓட்டம் வெயிலுக்கு முன் முடியட்டும், தூரத்தைக் குறையுங்கள். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எந்த ஊர்க் கமிட்டி கூப்பிட்டாலும் நான் வருகிறேன். பஸ்ஸுக்கு என் கையிலிருந்தே கொடுத்துக்கொள்கிறேன். நான் நிறுத்தச் சொல்கிற குதிரையை நிறுத்துவோம் என்று மட்டும் முதலிலேயே வாக்குக் கொடுங்கள்.